எஞ்சினும் சேமக்கலமும்

மின்சாரக் கம்பி எட்டாத இடத்திலும், எட்டியும் அடிக்கடி உயிரற்றுக் கிடக்கும் இடத்திலும் மனிதன் இரண்டு துணைகளை நாடுகின்றான். ஒன்று, எண்ணெயை எரித்து மின்சாரம் தரும் ஜெனரேட்டர். மற்றொன்று, அம்மின்சாரத்தை வாங்கி அடக்கி வைத்துக்கொள்ளும் பாட்டரி. தில்லியிலும் லக்னோவிலும் பாட்னாவிலும் குடியேறி வாழும் நம்மவர்க்கு இவ்விரண்டும் பல ஆண்டுகளாகப் பழகிய பொருள்களே. மாடிப்படியின் அடியில் இன்வர்ட்டரும் பாட்டரியும் இருக்கும். பின்கட்டிலோ கடை வாசலிலோ கையால் தூக்கக்கூடிய ஒரு சிறு ஜெனரேட்டர் இருக்கும். ஆயினும் ஒரே கூரையின்கீழ் இருந்தும் ஒன்றையொன்று அறியாத அயலாரைப்போலவே அவை பெரும்பாலும் வாழ்கின்றன. மின்சாரம் நின்றால் இன்வர்ட்டர் ஓடுகின்றது. பாட்டரி தீர்ந்தால் ஜெனரேட்டர் இரைகின்றது. இரண்டையும் கூட்டி வேலை வாங்கும் முறை பலருக்குத் தோன்றுவதில்லை. அம்முறை புதியதன்று. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அதன் பயனை அறிந்தவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய வரலாற்றை இங்கே சிறிது காண்போம்.

முதலில் எஞ்சினின் இயல்பை நினைவில் கொள்ளவேண்டும். எஞ்சின் நன்கு உழைத்தால்தான் உண்ட எண்ணெய்க்கு ஈடான பயன் தரும். சுமை கால்பங்காகக் குறைந்தாலும் அது குடிக்கும் எண்ணெய் கால்பங்காகக் குறைவதில்லை. முழுச் சுமையில் குடிப்பதில் ஏறத்தாழப் பாதியை அப்போதும் குடித்துவிடும். தன்னைத் தானே சுழற்றிக்கொள்ளவும், வெப்பத்தை வெளியே தள்ளவும் அதற்கு அவ்வளவு தேவைப்படுகின்றது. வீட்டின் தேவையோ இதற்கு நேர்மாறானது. மாலையில் ஒருமணி நேரம் பல விளக்குகள் எரியும். நள்ளிரவில் ஒரு மின்விசிறி மட்டும் சுழலும். அந்த ஒரு விசிறிக்காக இரவு முழுவதும் எஞ்சினை ஓட்டுவது, ஒரு கடிதத்தை எடுத்துச்செல்ல லாரியை அனுப்புவது போன்றது. இப்பொருத்தமின்மையைத் தீர்க்க வந்ததே சேமக்கலம்.

பிரான்சு நாட்டுப் பௌதிக அறிஞர் காஸ்டன் பிளாந்தே 1859-இல் இரண்டு ஈயத் தகடுகளைத் தம்முள் ஒட்டாதபடி சுருட்டி, நீர்த்த கந்தகாமிலத்தில் இட்டார். மின்சாரத்தை உள்ளே செலுத்தினால் அது இரசாயன மாறுதலாக அடங்கியது. கம்பிகளை இணைத்தால் மீண்டும் மின்சாரமாக வெளிப்பட்டது. மீண்டும் மீண்டும் நிரப்பக்கூடிய முதல் மின்கலம் அதுவே. ஆனால் அன்று அதை நிரப்புவதற்கு வேறு இரசாயனக் கலங்களே இருந்தன. விலையுயர்ந்த கலத்தைக் காலிசெய்து மற்றொரு கலத்தை நிரப்பினால் இலாபம் ஏது? ஆகவே பிளாந்தேயின் கண்டுபிடிப்பு ஆய்வுக்கூடத்து வியப்பாகவே இருபது ஆண்டுகள் காத்திருந்தது. 1870-களில் கிராம் என்பவரின் டைனமோ நடைமுறைக்கு வந்து, நீராவி எஞ்சினால் மலிவாக மின்சாரம் உண்டாக்கும் வழி பிறந்த பின்னரே அதற்கு வாழ்வு வந்தது.

1881-இல் காமில் ஃபோர் என்னும் மற்றொரு பிரெஞ்சுக்காரர், தகடுகளின்மீது ஈய ஆக்ஸைடைப் பசைபோலப் பூசிக் கலத்தின் கொள்ளளவைப் பெரிதும் உயர்த்தினார். அவ்வாண்டே அவருடைய கலங்கள் அடங்கிய ஒரு பெட்டி பாரிஸில் மின்னேற்றப்பட்டு, மூன்று நாள் பிரயாணத்திற்குப் பின் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வில்லியம் தாம்ஸன் கையில் சேர்ந்தது. பின்னாளில் கெல்வின் பிரபு எனப் பெயர் பெற்றவர் இவரே. பத்து லட்சம் அடி-பவுண்டு ஆற்றல் ஒரு பெட்டிக்குள் அடங்கிக் கடல் கடந்து வந்ததை அவர் உலகறியச் செய்தார். இன்றைய கணக்கில் அது ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே மிஞ்சும், அவ்வளவுதான். எனினும் மின்சாரத்தைப் பண்டம்போல் ஓரிடத்தில் நிரப்பி வேறோரிடத்தில் செலவிடலாம் என்பது அன்று மெய்யாகிவிட்டது.

எஞ்சினையும் சேமக்கலத்தையும் ஒரே திட்டத்தில் கூட்டியவர்களுள் முக்கியமானவர் க்ராம்ப்டன் என்ற ஆங்கிலேயர். நம் நாட்டு வீடுகளில் சுழலும் மின்விசிறிகளில் காணும் பெயர் இவருடையதே. இளமையில் இராணுவ அதிகாரியாக இந்தியாவில் பணிபுரிந்தவர். இந்நாட்டுச் சாலைகளில் நீராவி வண்டித் தொடர்களை ஓட்டிப் பார்த்தவர். தாயகம் திரும்பியபின் 1887-இல் லண்டன் கென்சிங்டன் பகுதியில் ஒரு மின் நிலையம் அமைத்தார். மாலையில் எஞ்சின்கள் முழு வேகத்தில் உழைத்து வீடுகளுக்கு ஒளி தந்து, உடனிருந்த சேமக்கலங்களையும் நிரப்பும். ஊர் உறங்கியபின் எஞ்சின்கள் நிறுத்தப்படும். விழித்திருப்பவரின் சில விளக்குகளுக்குச் சேமக்கலமே போதும். நேர் மின்னோட்டத்தை விட்டு மாறு மின்னோட்டத்தை ஏற்கவேண்டும் என்று வாதிட்டவர்களுக்கு எதிராக க்ராம்ப்டன் நெடுங்காலம் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்: மாறு மின்னோட்டத்தைப் பாட்டரியில் சேமிக்க முடியாது. தொலைதூரம் செலுத்துவதில் மாறு மின்னோட்டமே வென்றது. ஆனால் க்ராம்ப்டன் எடுத்துக்காட்டிய குறை அத்துடன் தீர்ந்துவிடவில்லை. இன்வர்ட்டர் வரும்வரை அது அப்படியே இருந்தது.

இம்முறையை மின்நிலையத்திலிருந்து தனிவீட்டுக்குக் கொண்டுவந்த பெருமை அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங்கைச் சேரும். ஒஹையோ மாநிலத்தில் குடியானவர் வீட்டில் 1876-இல் பிறந்தவர் அவர். மோட்டார் காரைக் கைப்பிடியால் சுழற்றித் தொடங்கும் அபாயத்தை நீக்கி, மின்சாரத்தால் தொடங்கும் அமைப்பை அவர் செய்து தந்தார். 1912-ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் அது வந்தது. பாட்டரியின் விசையால் ஒரு மோட்டார் எஞ்சினைச் சுழற்றும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அதே மோட்டார் டைனமோவாக மாறி, தான் செலவழித்ததைப் பாட்டரிக்குத் திருப்பித் தரும். காருக்குள் இருந்த இந்த ஏற்பாட்டைப் பெரிதாக்கி வீட்டில் வைத்தால் என்ன என்ற எண்ணத்தின் பயனாக 1916-இல் ‘டெல்கோ-லைட்’ பிறந்தது.

காற்றாலேயே குளிரும் ஒற்றை உருளை எஞ்சின். அது மண்ணெண்ணெயில் ஓடும். அதன் தண்டிலேயே முக்கால் கிலோவாட் அளவுள்ள ஒரு டைனமோ. பக்கத்து அலமாரியில் பதினாறு கண்ணாடி ஜாடிகள். ஒவ்வொன்றிலும் ஈயத் தகடுகள். மொத்தம் 32 வோல்ட். பாட்டரி நிறைந்ததும் எஞ்சின் தானாக நிற்பதற்கும் வழி செய்திருந்தார்கள். வாரத்தில் சில மணி நேரம் எஞ்சின் ஓடினால் மற்ற நேரமெல்லாம் வீடு ஓசையின்றி ஒளிபெறும். 32 வோல்ட்டுக்கென்றே இஸ்திரிப் பெட்டிகளும் துணி துவைக்கும் யந்திரங்களும் பின்னர் ரேடியோப் பெட்டிகளும் செய்து விற்றார்கள். சலவையைப் போன்ற கடின வேலைகளை எஞ்சின் ஓடும் நேரத்திலேயே முடித்துக்கொள்வது விவரமறிந்தவர் வழக்கம். அதனால் எஞ்சினுக்கும் தக்க சுமை கிடைத்தது. பாட்டரிக்கும் ஆயுள் நீண்டது.

குறைகளும் இல்லாமலில்லை. அழுத்தம் 32 வோல்ட்டே ஆகையால் ஒரு கிலோவாட் செலுத்த 30 ஆம்பியருக்குமேல் ஓடவேண்டும். வீட்டிலிருந்து மாட்டுக் கொட்டகைக்குக் கம்பி இழுத்தால் பருமனான செம்பு தேவைப்பட்டது. ஜாடிகளில் நீர் வற்றினால் ஊற்றவேண்டும். சில ஆண்டுகளில் தகடுகள் உதிர்ந்தால் புதிய பாட்டரிக்குப் பெருந்தொகை வேண்டும்.

இக்குறைகளைக் காட்டியே போட்டிக்கு வந்தது விஸ்கான்ஸின் மாநிலத்துக் கோலர் நிறுவனம். குளியல் தொட்டிகளுக்குப் பேர்போன அந்நிறுவனம் 1920-இல் 110 வோல்ட்டும் 1500 வாட்டும் தரும் ஜெனரேட்டரை வெளியிட்டது. இதில் வீட்டுக்கு மின்சாரம் சேமிக்கும் பாட்டரி வரிசையே இல்லை. எஞ்சினைத் தொடங்கி வைக்க மட்டும் ஒரு சிறு பாட்டரி உண்டு. எங்கேனும் ஒரு விளக்கின் விசையைத் தட்டினால் எஞ்சின் தானே புறப்படும். கடைசி விளக்கை அணைத்தால் தானே நிற்கும். அட்மிரல் பயர்டு தென்துருவப் பயணத்தில் இந்த ஜெனரேட்டர்களையே உடன்கொண்டு சென்றார்.

ஆகவே ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இரு கட்சிகள் எதிரெதிரே நின்றன. பாட்டரியை நிரப்பி எஞ்சினை நிறுத்து என்றது ஒன்று. பாட்டரியின் தொல்லையே வேண்டாம், எஞ்சினே எப்போதும் காவல் நிற்கட்டும் என்றது மற்றொன்று. பெருஞ்சுமை தொடர்ந்து இருக்கும் இடத்தில் கோலர் கட்சி சொன்னது சரியே. ஆனால் சாதாரண வீட்டுக்கு, இரவில் ஒரு குழந்தையின் தொட்டிலருகே எரியும் சிறு விளக்குக்கு, 1500 வாட் எஞ்சின் விழித்தெழ வேண்டும் என்பது எந்தக் கணக்கிலும் பொருந்தவில்லை. இன்று நம் கடைத்தெருக்களில் நான்கு குழல்விளக்குகளுக்காக மணிக்கணக்கில் இரையும் ஜெனரேட்டர்களைக் காணும்போது, கோலர் கட்சியே வெற்றிபெற்றுவிட்டதோ என்று தோன்றுவதுண்டு.

அமெரிக்காவில் இவ்வழக்கு முடியாமலே கலைந்தது. 1935 மே மாதம் அதிபர் ரூஸ்வெல்ட் கிராம மின்சார நிர்வாகத்தை ஏற்படுத்தியபோது அந்நாட்டுப் பண்ணைகளில் பத்தில் ஒன்றுக்கே மின்சாரக் கம்பி எட்டியிருந்தது. கம்பி வந்த இடங்களில் கண்ணாடி ஜாடிகள் ஊறுகாய்க்குப் பயன்பட்டிருந்தாலும் வியப்பதற்கில்லை.

நம் நாட்டில் பல கிராமங்கள் மின்சாரத்தை முதலில் அறிந்தது விளக்காக அன்று, குரலாக. 1935-இல் பெஷாவர் வட்டாரத்தில் கிராம ஒலிபரப்பைச் சோதித்துப் பார்த்தார்கள். மறு ஆண்டு ‘அகில இந்திய வானொலி’ என்ற பெயர் பிறந்தது. மின்சாரமே இல்லாத ஊர்களில் வானொலிப் பெட்டிகள் பாட்டரியால்தான் பேசின. அக்காலத்து வால்வுகளின் இழையைச் சூடேற்ற ஓர் ஈய அமிலப் பாட்டரி வேண்டும். உயர் அழுத்தத்திற்கு உலர் பாட்டரி வேறு. ஈயப் பாட்டரி தளர்ந்ததும் மின்சாரமுள்ள ஊருக்குப் போய் நிரம்பித் திரும்ப வேண்டும். எஞ்சின் ஓரிடத்தில், பாட்டரி ஓரிடத்தில். இரண்டையும் இணைத்த கம்பி, சாலை! தாம்ஸனுக்கு வந்த பாரிஸ் பெட்டியின் கதையே நம் வண்டித் தடங்களில் மீண்டும் நடந்தது. பின்னர் டிரான்ஸிஸ்டர் வந்து அந்தச் சுமையை இறக்கியது.

க்ராம்ப்டனைத் தோற்கடித்த குறைக்கும் பரிகாரம் பிறந்துகொண்டிருந்தது. நேர் மின்னோட்டத்தை மாறு மின்னோட்டமாக்கும் அமைப்புக்கு ‘இன்வர்ட்டர்’ என்ற பெயரை 1925-இல் டேவிட் பிரின்ஸ் என்ற அமெரிக்கப் பொறியியலார் தம் கட்டுரை ஒன்றில் வழங்கினார். 1957-இல் தைரிஸ்டர் என்னும் குறைகடத்திச் சாதனமும், பின்னர் அதனினும் விரைவாகத் திறந்து மூடும் டிரான்ஸிஸ்டர்களும் வந்தபோது, 12 வோல்ட் பாட்டரியிலிருந்து 230 வோல்ட் மின்விசிறியைச் சுழற்றுவது வீட்டுச் சாதனமாயிற்று. இனி 32 வோல்ட்டுக்கென்று தனி இஸ்திரிப் பெட்டி தேடவேண்டியதில்லை.

ஜெனரேட்டரும் இதற்கிடையில் மெலிந்து கைக்கு அடக்கமாயிற்று. ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் 1965-இல் ‘ஈ 300’ என்ற தூக்கிச் செல்லத்தக்க ஜெனரேட்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1985-இல் அந்நிறுவனம் இந்தியக் கூட்டாளியுடன் சேர்ந்து தொடங்கிய தொழில், இமயத்தின் அடிவாரத்து ருத்ரபூரில் தொழிற்சாலை கண்டது. பெட்ரோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் அதன் சிறு ஜெனரேட்டர்களைத் திருமண ஊர்வலங்களில் தலைவிளக்கு சுமப்போருக்குப் பின்னால் தள்ளுவண்டியில் பார்க்காத வடநாட்டுத் தமிழர் இலர். 2012 ஜூலை 30, 31 ஆகிய இரு நாட்களில் வட இந்திய மின்தொகுப்பு அடுத்தடுத்து வீழ்ந்து, இரண்டாம் நாள் கிழக்கும் வடகிழக்கும் உடன் வீழ்ந்தபோது, இன்வர்ட்டர்களின் பாட்டரிகள் சில மணிகளில் தீர்ந்தன. ஜெனரேட்டர் வைத்திருந்தவர்களும் எண்ணெய் வாங்க வரிசையில் நின்றார்கள். எண்ணெயைச் சிக்கனமாகப் பாட்டரிக்குள் மாற்றத் தெரிந்தவருக்கே அத்தகைய நாட்களில் வசதி அதிகம்.

அதை எவ்வாறு செய்வது? கணக்கைப் பார்ப்போம். நம் வீடுகளில் சாதாரணமாக உள்ளது 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணிப் பாட்டரி. அதில் அடங்குவது 1.8 யூனிட், பாட்டரி நெடுநாள் உழைக்கவேண்டுமானால் பாதிக்குமேல் செலவிடலாகாது. நிரப்பும்போது கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 15 ஆம்பியர், மிதமான அளவு. 15 ஆம்பியரை 14.4 வோல்ட்டால் பெருக்கினால் 216 வாட். மின்னேற்றியில் வீணாவதையும் சேர்த்தால் ஜெனரேட்டரிடமிருந்து வாங்குவது 300 வாட்டுக்குள்தான். 2 கே.வி.ஏ. ஜெனரேட்டர் ஏறத்தாழ 1600 வாட் தரவல்லது. பாட்டரிக்காக மட்டும் அதை ஓட்டினால் ஐந்தில் ஒரு பங்குகூட உழைக்காமல், பாதி எண்ணெயைக் குடித்துக்கொண்டிருக்கும். ஆகவே ஓட்டும் நேரத்தில் தண்ணீர் மோட்டார், மாவரைக்கும் யந்திரம், இஸ்திரி ஆகியவற்றையும் அடுத்தடுத்து ஓட்டிக்கொள்ளவேண்டும். டெல்கோ வீடுகளின் சலவை நாள் நமக்கும் பொருந்தும்.

மற்றொரு நுட்பம் உண்டு. ஈயப் பாட்டரி முதல் எண்பது பங்கை விரைவாக வாங்கிக்கொள்ளும். எஞ்சிய இருபது பங்கை மெல்ல மெல்லத்தான் ஏற்கும். அந்தக் கடைசி இருபதுக்கு ஜெனரேட்டரை ஓட்டுவது வீண்செலவு. எண்பதானதும் எஞ்சினை நிறுத்திவிட்டு, மிச்சத்தைக் கம்பி மின்சாரத்திற்கோ கூரைமேல் உள்ள சூரியப் பலகைக்கோ விட்டுவிடுவதே முறை. ஆனால் பாட்டரி என்றுமே முழுமையாக நிரம்பாமல் இருக்கவும் கூடாது. தகடுகளில் ஈய சல்பேட் இறுகிக் கொள்ளளவு குன்றிவிடும்.

சிறு ஜெனரேட்டர்களின் பக்கவாட்டில் 12 வோல்ட் துளை ஒன்று இருக்கும். அதைக் கண்டு மயங்கவேண்டாம். அது பெரும்பாலும் 8 ஆம்பியர் அளவே தரும். 75 ஆம்பியர்-மணி செலவான பாட்டரியை அதன்வழி நிரப்ப ஒன்பது மணி நேரத்துக்குமேல் எஞ்சின் ஓடவேண்டும். நிரம்பியதும் நிறுத்தும் அறிவும் அத்துளைக்கு இல்லை. 230 வோல்ட் துளையிலிருந்து இன்வர்ட்டரின் உள்வாயிலுக்குக் கொடுப்பதே சரி.

அப்படிக் கொடுத்தும் இன்வர்ட்டர் ஏற்க மறுப்பதுண்டு. பழுது என்று எண்ணிப் பணம் செலவழிக்கிறார்கள். காரணம் எளியது. பழைய பாணிச் சிறு ஜெனரேட்டர் 50 சுழற்சி தருவதற்கு நிமிடத்திற்கு 3000 முறை சுழலவேண்டும். சுமை ஏறினால் வேகம் தளர்ந்து, அழுத்தமும் சுழற்சியும் ஊசலாடும். கணினிக்காக ‘யூ.பி.எஸ்.’ நிலையில் வைத்த இன்வர்ட்டர் இந்த ஊசலாட்டத்தைப் பொறாமல் பாட்டரிக்குத் தாவிவிடும். பின்புறத்து விசையைச் சாதாரண நிலைக்கு மாற்றினால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். மின்னலையை உள்ளேயே திருத்தித் தரும் புதுவகை ஜெனரேட்டர்களில் இத்தொல்லை குறைவு. அவற்றின் உள்ளே இருப்பதும் ஒரு சிறிய இன்வர்ட்டரே. அதனால் சுமைக்குத் தக்கபடி எஞ்சின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும் அவற்றால் முடிகின்றது.

இரண்டு எச்சரிக்கைகளை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். ஜெனரேட்டரின் மின்சாரம் இன்வர்ட்டரின் வெளிவாயிலிலோ வீட்டுச் சுவரின் துளையிலோ நுழையலாகாது. முதலாவது யந்திரத்தை எரிக்கும். இரண்டாவது தெருக் கம்பியில் ஏறி வேலைசெய்யும் மின் ஊழியரைக் கொல்லும். மாற்றுவிசை ஒன்றை உரிய மின்பணியாளரைக் கொண்டு பொருத்துவதே வழி. மற்றது புகை. எஞ்சின் வெளிவிடும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. மூடிய பால்கனியிலும் மாடிப்படியின் அடியிலும் ஓடும் ஜெனரேட்டர் உறங்குவோரை உறக்கத்திலேயே கொண்டுபோய்விடும். குளிர்காலத்தில் சன்னல்களை அடைத்துக்கொள்ளும் வடநாட்டு வீடுகளில் இது நினைவிருக்கவேண்டும். தில்லிப் பகுதியிலோ 2017-இல் நடைமுறைக்கு வந்த காற்றுத் தூய்மைத் திட்டத்தின்கீழ் மாசு மிகும் நாட்களில் டீசல் ஜெனரேட்டர்களுக்குத் தடைகளும் வருகின்றன. பாட்டரியில் முன்கூட்டி நிரப்பி வைத்தவருக்கு அக்கவலையும் குறைவு.

கம்பித் தொகுப்பு எட்டாத இடங்களுக்கு இவையெல்லாம் வசதி பற்றிய பேச்சன்று, அன்றாட வாழ்வு. லே நகரம் 2019-இல் ஸ்ரீநகரிலிருந்து மின்கம்பி வரும்வரை நாட்டுத் தொகுப்போடு சேராமலே இருந்தது; டீசல் அங்கே கணவாய்களைக் கடந்து வரவேண்டும். வங்கத்தின் சாகர் தீவில் 1996-இல் கமல்பூரில் 26 கிலோவாட் சூரிய மின்நிலையம் பாட்டரிகளுடன் அமைந்தது; பகலின் வெயில் இரவில் சில மணி நேரம் விளக்கானது.

நம்மவர் தலைமுறை தலைமுறையாக வாழும் அந்தமானில் மின்சாரம் பெரும்பாலும் டீசலின் தயவிலேயே இருந்துவருகின்றது; எண்ணெய் கப்பலில் வந்து இறங்கவேண்டும். அங்கே தெற்கு அந்தமானில் 2020-இல் 20 மெகாவாட் சூரிய மின்நிலையத்தை 8 மெகாவாட்-மணிப் பாட்டரித் தொகுதியுடன் அமைத்தது, நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி தோண்டுவதற்காக 1956-இல் தொடங்கப்பட்ட அதே நிறுவனம். 8 மெகாவாட்-மணி என்பது நம் மாடிப்படியின் அடியில் இருக்கும் பாட்டரிகளில் சுமார் 4,400-க்குச் சமம். மேகம் ஒன்று பலகைகளின்மேல் நிழலிட்டுச் செல்லும் சில நிமிடங்களில், டீசல் எஞ்சின்கள் பதறி வேகமெடுக்காதபடி அப்பாட்டரி அந்த இடைவெளியைத் தாங்கிக்கொள்கின்றது.